கன்ட்ரி இசையும் அதன் இடங்களும்: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'கன்ட்ரி' என்னும் பெயரால் வழங்கும் இசைவகை தமிழ்க் கட்டுரைகளிலும் செய்திகளிலும் 'நாட்டுப்புற இசை' என்று பெயர்க்கப்படுவதைக் காண்கிறோம். சொல்லுக்குச் சொல் நோக்கின் இது பிழையன்று. 'கன்ட்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் அரசின் ஆட்சிக்குட்பட்ட நிலம் என்ற பொருளும், நகரத்தின் மறுதலையான ஊர்ப்புறம் என்ற பொருளும் உண்டு. தமிழ் 'நாடு' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. கம்பர் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் தனித்தனியே அமைத்தமை நகரினின்று வேறுபட்ட நிலப்பரப்பாக நாடு கருதப்பட்டதற்குச் சான்று. பேச்சு வழக்கில் 'நாட்டு மருந்து', 'நாட்டு ஓடு' என்பனவற்றில் வரும் 'நாட்டு' என்னும் அடை, 'சீமை' என்பதற்கு எதிராக நின்று உள்ளூர்த் தன்மையைக் குறிக்கிறது. இரு மொழிகளிலும் பொருட்பரப்பு இவ்வளவு நெருங்கி அமைவது அரிது.

ஆயினும், சொல் பொருந்துவதனாலேயே வரலாறு மறைந்துவிடும் இடங்களும் மொழிபெயர்ப்பில் உண்டு. 'நாட்டுப்புற இசை' என்று படிக்கும் தமிழர், ஆசிரியர் பெயர் அறியாத, வாய்மொழியாக வழங்கும், உழவர் பாடும் பாடல்களை எண்ணுவர். கன்ட்ரி இசை அவ்வகைப் பாடல்களிலிருந்து கிளைத்தது உண்மை. எனினும் 'கன்ட்ரி' என்பது அப்பாடல்களுக்கு அவற்றைப் பாடியவர் இட்ட பெயரன்று. இசைத்தட்டு வணிகம் இட்ட பெயர். அதுவும் பல பெயர்களை இட்டுக் கழித்த பின்னர் இட்ட பெயர். இப்பெயர் நிலைபெற நிலைபெற வட்டாரப் பெயர்கள் மறைந்தன. அவ்வட்டாரங்களில் மக்கள் கூடிப் பாடிய அரங்குகளும் நலிந்தன. பெயரின் விரிவையும் இடத்தின் நலிவையும் ஒருசேர வைத்து நோக்கி, அதனால் மொழிபெயர்ப்பாளர் அறியத்தக்கது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயர்களின் வரலாறு

1923 ஜூனில் ஓக்கே நிறுவனத்தின் ரால்ஃப் பியர், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்னும் பிடில் கலைஞரின் பாடலைப் பதிவு செய்தார். அத்தட்டு எதிர்பாராத வகையில் விற்பனையானது. அதன் பின்னரே தென்மாநில வெள்ளையரின் ஊர்ப்புற இசைக்கு ஒரு சந்தை உண்டு என்பதை வட மாநில நிறுவனங்கள் உணர்ந்தன. சந்தை அமைந்ததும் பெயர் தேவைப்பட்டது.

முதலில் இட்ட பெயர்கள் காலத்தைச் சுட்டின. ஓக்கே தன் பட்டியலில் 'பழங்கால மெட்டுகள்' என்றும், கொலம்பியா நிறுவனம் 'பழகிய மெட்டுகள், பழையனவும் புதியனவும்' என்றும் பொருள்படும் தலைப்புகளை வைத்தன. அடுத்து வந்த பெயர் ஆளைச் சுட்டியது. 1925 ஜனவரியில் ஆல் ஹாப்கின்ஸ் தலைமையில் வர்ஜீனியா, வட கரோலினா எல்லைப் பகுதியினின்று நியூயார்க் வந்த இசைக்குழுவினரிடம் குழுவின் பெயரைப் பியர் வினவினார். தாங்கள் வெறும் 'ஹில்பில்லிகள்' தாம், விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று ஹாப்கின்ஸ் விடை பகர்ந்தார். அதுவே குழுவின் பெயராகிப் பின்னர் இசைவகையின் பெயருமாயிற்று. ஆர்ச்சி கிரீன் 1965இல் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் இதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல்லின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். மலைப்பகுதி ஏழை வெள்ளையரை இழித்துரைக்கும் சொல் அது. நம் 'பட்டிக்காட்டான்' என்பதனோடு ஒப்பிடத்தக்கது. ஒருவன் தன்னைத் தானே அவ்வாறு கூறிக்கொள்ளும்போது அதில் நகையும் தன்மதிப்பும் கலந்திருக்கும். அதே சொல்லைப் பிறர் விற்பனைப் பட்டியலில் அச்சிடும்போது பொருள் வேறாகிவிடுகிறது.

'பில்போர்டு' என்னும் வணிக இதழ் 1944இல் காசிட்டால் பாடும் இசைப்பெட்டிகளில் மிகுதியாக ஒலித்த தட்டுகளின் வரிசையைத் தொடங்கியபொழுது, இவ்விசைக்கு 'ஃபோக்' என்னும் தலைப்பையே தந்தது. தமிழ் 'நாட்டுப்புற இசை' என்பதற்கு ஆங்கிலத்தில் நேர் நிற்கும் சொல் இதுவே. இதனை 1949 ஜூனில் நீக்கி, 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' என்னும் தொடரை அவ்விதழ் மேற்கொண்டது. 1958இல் கன்ட்ரி இசைச் சங்கம் நிறுவப்பட்டது. 1962இல் வரிசையின் பெயரிலிருந்து 'வெஸ்டர்ன்' என்பதும் உதிர்ந்தது.

இம்மாற்றங்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். காலப்பெயர், ஆட்பெயர், மக்கட்பெயர், இறுதியில் இடப்பெயர் என்பதே அவ்வொழுங்கு. இறுதியில் நின்ற இடப்பெயரோ எவ்விடத்தையும் சுட்டாத இடப்பெயர். 'வெஸ்டர்ன்' என்பதில் மேற்கு என்னும் திசையேனும் எஞ்சியிருந்தது. அதுவும் நீங்கிய பின் நின்ற 'கன்ட்ரி', எந்த ஊரையும் குறிக்காமல் எல்லா ஊரையும் குறிப்பதுபோல் தோன்றும் பொதுச்சொல்லாயிற்று. இவ்விசைக்கு 'நாட்டுப்புற இசை' என்று நாம் பெயரிடும்போது, அவ்வணிகமே 1949இல் கைவிட்ட ஒரு பெயரை அதற்குத் திருப்பித் தருகிறோம் என்பது கருதத்தக்கது.

3. வட்டார வேர்கள்

பொதுச்சொல்லின் அடியில் இருந்தவை பல இசைகள். ஒவ்வொன்றும் ஒரு நிலத்தையும் ஒரு தொழிலையும் ஓர் இடப்பெயர்வையும் சார்ந்து எழுந்தது.

அப்பலாச்சிய மலைப்பகுதியில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் கதைப்பாடல்களும் பிடில் மெட்டுகளும் தேவாலயப் பாடல்களும் கலந்தன. டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லைக்கோடு நடுத்தெருவில் ஓடும் பிரிஸ்டல் நகரில், 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை, அப்போது விக்டர் நிறுவனத்துக்காகப் பணியாற்றிய பியர் பதிவுகள் நடத்தினார். கார்ட்டர் குடும்பத்தாரும், மிசிசிப்பியின் மெரிடியன் நகரைச் சேர்ந்த இரயில்வேத் தொழிலாளியாக இருந்த ஜிம்மி ராட்ஜர்சும் அங்குதான் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டனர். ஏ. பி. கார்ட்டர் மலைச்சிற்றூர்களில் பாடல் திரட்டியபொழுது அவருடன் சென்று மெட்டுகளை நினைவில் வாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார் கலைஞர். இவ்விசையின் அடையாளமாகவே கருதப்படும் பாஞ்ஜோ, அடிமைகளாகக் கொணரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கரின் இசைக்கருவி மரபில் தோன்றியது. ஸ்டீல் கிதார் ஹவாய்த் தீவுகளினின்று வந்தது. 'வேர்' என்னும் உருவகம் ஒற்றை மண்ணை நினைப்பிக்கும் இயல்புடையது. இங்கு வேர்கள் பல மண்ணில் ஓடுகின்றன.

டெக்சாஸ், ஒக்லஹோமா பகுதிகளில் நிலை வேறு. அங்கு பாடல் நடனத்திற்காக எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரும் செக் இனத்தவரும் தத்தம் சங்கங்களின் வழியே நடனக் கூடங்களைக் கட்டினர். 1878இல் கட்டப்பட்ட குரூன் கூடம் அப்பகுதியின் பழைய நடனக் கூடங்களுள் ஒன்று. எழுத்தில் ஜெர்மானிய வடிவைப் பேணும் அவ்வூர்ப் பெயரை உள்ளூர் மக்கள் 'கிரீன்' என்றே ஒலிக்கின்றனர். ஒரு கூடத்தின் பெயரிலேயே குடியேற்ற வரலாறு பதிந்திருப்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். பாப் வில்ஸ் தம் குழுவினருடன் 1930களின் நடுவிலிருந்து டல்சா நகரின் கெயின்ஸ் கூடத்தில் வளர்த்த இசையில் பிடிலும் ஜாஸ் இசையும் புளூஸும் ஒன்றுகூடின.

மூன்றாவதாக, வறட்சியாலும் பொருளாதார வீழ்ச்சியாலும் 1930களில் ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்க்கன்சா பகுதிகளினின்று கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த உழைப்பாளர் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரைச் சூழக் குடியமர்ந்தனர். பிளாக்போர்டு போன்ற அந்நகர மதுக்கூடங்களில் மின்கிதாரின் கூர்மையான ஒலியோடு ஒரு தனி இசைநடை உருவாயிற்று. பக் ஓவன்ஸ் 1950களில் அங்கு வாசித்தவர். மெர்ல் ஹேகார்டு ஒக்லஹோமாவிலிருந்து பெயர்ந்த குடும்பத்தில் 1937இல் பேக்கர்ஸ்ஃபீல்டை அடுத்துப் பிறந்தவர். அங்கும் 'ஓக்கி' என்னும் இழிசொல் ஒன்று இருந்தது. 'ஹில்பில்லி' போலவே அதனையும் அம்மக்கள் பின்னர்த் தம் பெயராக ஏற்றனர்.

4. இடமும் சுட்டும்

இவ்வட்டார இசைகள் உருப்பெற்ற இடங்களை 'அரங்கு' என்னும் ஒரே சொல்லால் குறித்தல் போதாது. மூவகை இடங்களை இங்குப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, நடனக் கூடம். இது குடும்பத்தார் அனைவரும் கூடும் இடம். முதியோரும் இளையோரும் ஒரே தரையில் ஆடினர். உறங்கிய குழந்தைகள் ஓரத்தில் கம்பளிகளின்மேல் கிடத்தப்பட்டன. இரண்டாவது, 'ஹாங்கி-டாங்க்' எனப்படும் மதுக்கூடம். 1933இல் நாடளாவிய மதுவிலக்கு நீங்கிய பின், எண்ணெய்க் கிணறுகள் தோன்றிய கிழக்கு டெக்சாசில் தொழிலாளர்க்கென இவை பெருகின. இச்சொல்லின் தோற்றம் இன்றும் முடிவு செய்யப்படவில்லை. அங்கு நிலவிய இரைச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டியே மின்கிதார் முன்வந்தது. பாடல்களும் பிரிவு, மது, மணமுறிவு பற்றியனவாயின. மூன்றாவது, வானொலியைச் சார்ந்த மேடை. சிகாகோவில் 1924இலும், நாஷ்வில் நகரில் 1925 நவம்பரிலும் தொடங்கிய 'களஞ்சிய நடன' நிகழ்ச்சிகள் இதற்கு முன்மாதிரி. நாஷ்வில் நிகழ்ச்சியே 1927இல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் பெயர் பெற்றது. அதனை நடத்திய நிலையத்தின் உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்தது. பெயரில் களஞ்சியம் இருந்ததேயன்றி, ஒலித்த இடத்தில் களஞ்சியம் ஏதும் இல்லை.

இவற்றின் வேறுபாட்டைத் தமிழ் இலக்கணத்தின் சுட்டுக் கோட்பாட்டைக் கொண்டு விளக்கலாம். அண்மைக்கு இகரமும், சேய்மைக்கு அகரமும், இடைமைக்கு உகரமும் என மூன்று சுட்டுகளைத் தமிழ் கொண்டிருந்தது. உகரச் சுட்டு தமிழகத்தில் வழக்கிழந்தது. யாழ்ப்பாணத் தமிழில் 'உவன்', 'உது' என இன்றும் கேட்போரை அடுத்துள்ளதைச் சுட்டி வழங்குகிறது. நடனக் கூடத்திலும் மதுக்கூடத்திலும் பாடல் 'இங்கு' நிகழ்கிறது. பாடுவோனும் கேட்போரும் ஒரே கூரையின் கீழ் உள்ளனர். பாடுவோன் அழைக்கும் பெயருக்கு உரியவர் எதிரே ஆடிக்கொண்டிருக்கிறார். உள்ளூர் வானொலியில் பாடல் 'உங்கு' நிகழ்கிறது. விடியற்காலையில் நிலையத்தில் பாடும் குழுவினர் அன்று மாலை எவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் தாம் இசைக்க இருக்கின்றனர் என்பதை அறிவித்துவிட்டு, அவ்வூருக்கு வண்டியேறுவது 1930, 1940களின் வழக்கம். குரல் தொலைவிலிருந்து வந்தாலும் அது கேட்போர் இருக்கும் ஊரையே சுட்டிற்று. நாடு முழுவதும் ஒரே பட்டியலை ஒலிபரப்பும் நிலையில் பாடல் 'அங்கு' நிகழ்கிறது. பாடலில் வரும் மண்சாலையும் ஆற்றங்கரையும் எவ்வூருக்கும் உரியன அல்ல.

ஆய்வாளர் நிலைப்பாடுகளையும் இவ்விடத்தில் நோக்கலாம். பில் மலோன் 1968இல் வெளியிட்ட வரலாற்று நூல் இவ்விசையைத் தென்மாநில ஊர்ப்புற மக்களின் பண்பாட்டு விளைவாகக் கண்டது. ரிச்சர்டு பீட்டர்சன் 1997இல் வெளியிட்ட நூல், இவ்விசையின் 'உண்மைத் தன்மை' என்பதே வணிகத்தால் புனையப்பட்டது என நிறுவ முயன்றது. முன்னது வேரை மிகுத்துக் காண்கிறது. பின்னது விற்பனையை மிகுத்துக் காண்கிறது. இரண்டிற்கும் இடையே ஒரு சனிக்கிழமை இரவில் ஒரு கூடத்தில் நடைபெறும் மொழிவினை யாது என்பது இவ்விருவரின் முதன்மை வினாவன்று. அவ்வினாவை எழுப்பியது ஏரன் ஃபாக்ஸ் 2004இல் வெளியிட்ட நூலாகும். டெக்சாசின் லாக்ஹார்ட் என்னும் சிற்றூரின் மதுக்கடை ஒன்றில் உழைக்கும் மக்களின் பேச்சையும் பாட்டையும் ஒருங்கே ஆராய்ந்த அந்நூல், பேச்சிலிருந்து பாட்டும் பாட்டிலிருந்து பேச்சும் பிறக்கும் தன்மையை விளக்குகிறது. மொழியியலார்க்கு இம்மூன்றனுள் மிகவும் பயன்படுவது இதுவே என்பது என் கருத்து. பாடலை உரைப்பொருளாகக் கொள்ளாமல் உரையாடலின் பகுதியாகக் கொண்டமையே அதன் சிறப்பு.

இவ்விடங்களை மிகைப்படப் புகழ்தலும் தவறாகும். அவை இனப்பிரிவினை நிலவிய இடங்கள். ஆப்ரியின் தொடக்ககாலப் பெருங்கலைஞருள் ஒருவரான டிஃபோர்டு பெய்லி என்னும் கறுப்பின ஹார்மோனிகா கலைஞர் 1941இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். கன்ட்ரி இசையின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2005இல்தான். இசைத்தட்டு நிறுவனங்கள் 1920களில் வெள்ளையருக்கு ஒரு பட்டியலும் கறுப்பினத்தவருக்கு ஒரு பட்டியலும் வைத்தமை, ஒரே ஊரின் ஒரே மெட்டை இரு இசைகளாக்கியது. 'இங்கு' என்பதில் யார் இடம்பெற்றனர், யார் இடம்பெறவில்லை என்னும் வினாவையும் நாம் உடன்வைத்தே காணவேண்டும்.

5. அரங்குகளின் நலிவு

உள்ளூர் அரங்குகள் ஒரே காரணத்தால் நலியவில்லை. போர்க்காலத்தில், நடனமும் பாடலும் நடைபெறும் உணவு, மது விடுதிகள்மீது விதிக்கப்பட்ட வரி 1944இல் 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டே 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1965இல்தான் அது முற்றும் நீக்கப்பட்டது. தொலைக்காட்சி 1950களில் மக்களை வீட்டினுள் இருத்தியது. சிற்றூர்களின் மக்கள்தொகை குறைந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக மது அருந்தும் வயது நாடெங்கும் 21 ஆயிற்று; குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோர்மீது நடவடிக்கை கடுமையாயிற்று. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் அமைந்த கூடங்களை இது பெரிதும் தாக்கியது. நகரங்களில் நிலவிலை உயர்ந்தது.

வானொலியின் நிலைமாற்றம் தனியே குறிப்பிடத்தக்கது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு முன்னர் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. அவ்வரம்பு நீங்கிய சில ஆண்டுகளில் ஒரே நிறுவனம் 1,200க்கு மேற்பட்ட நிலையங்களை உடையதாயிற்று. உள்ளூர்க் கூடத்தில் பாடுவோரை அறிந்து அறிவிக்கும் உள்ளூர் அறிவிப்பாளர் அருகினார். மேலே கூறிய 'உங்கு' என்னும் இடைநிலை இவ்வாறு அற்றுப்போயிற்று.

புகழும் சில அரங்குகளைக் காத்ததில்லை. ஆஸ்டின் நகரில் 1970இல் தொடங்கிய ஆர்மடில்லோ அரங்கு 1980 டிசம்பர் இறுதி இரவோடு மூடப்பட்டது. டெக்சாசின் பசடீனாவில் இருந்த கில்லீஸ் என்னும் பெருங்கூடம் 1980இல் வெளிவந்த 'அர்பன் கவ்பாய்' திரைப்படத்தால் உலகறியப்பட்டது. 1989இல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டே தீக்கிரையாயிற்று. வட ஹாலிவுட்டின் பாலமினோ 1995இல் மூடப்பட்டது. ஆப்ரி நிகழ்ச்சியே, 1943 முதல் தான் நடைபெற்று வந்த ரைமன் அரங்கை விட்டு, 1974இல் நகருக்கு வெளியே கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய புதிய மாளிகைக்குப் பெயர்ந்தது. 2020இல் பரவிய பெருந்தொற்று எஞ்சிய அரங்குகளையும் மூடியபொழுது, அமெரிக்க நாடாளுமன்றம் 1,600 கோடி டாலர் அளவிலான உதவித் திட்டத்துக்கு வழிவகுத்தது. சிற்றரங்குகள் தாமாகவே நிலைத்திருக்கும் என்னும் நம்பிக்கை அரசளவிலும் தளர்ந்ததற்கு இஃதொரு சான்று.

அனைத்தும் அழிந்துவிடவில்லை. குரூன் கூடமும் கெயின்ஸ் கூடமும் இன்றும் இயங்குகின்றன. 1964இல் ஜேம்ஸ் வைட் கட்டிய ஆஸ்டினின் புரோக்கன் ஸ்போக் கூடம், 2021இல் அவர் மறைந்த பின்னரும் நடைபெறுகிறது. எனினும் எஞ்சியவற்றுள் பல, உள்ளூரார் வாரந்தோறும் கூடும் இடம் என்னும் நிலையிலிருந்து, வெளியூரார் ஒருமுறை வந்து காணும் இடம் என்னும் நிலைக்கு மாறியுள்ளன. நாஷ்வில் நகரின் பிராட்வே தெருவில் புகழ்பெற்ற பாடகர்களின் பெயர் தாங்கிய பல மாடி மதுக்கூடங்களில் காலை முதல் நள்ளிரவு வரை நேரடி இசை ஒலிக்கிறது. ஆகவே, நேரடி இசை குறைந்துவிட்டது என்று அங்குக் கூறவியலாது. ஆனால் பாடுவோர் பெரும்பாலும் பார்வையாளர் இடும் அன்பளிப்பை நம்பி, அவர்கள் ஏற்கெனவே அறிந்த பாடல்களையே பாடுகின்றனர். பாடுவோரும் வெளியூரார், கேட்போரும் வெளியூரார். 'இங்கு' என்னும் சொல் ஒலிக்கிறது. அதற்குரிய ஊர் இல்லை.

6. எஞ்சிய ஒலி

இடம் நீங்கிய பின் இடத்தைக் காட்ட எஞ்சியது யாது? குரலின் ஒலிக்கூறுகளே. தென்மாநில ஆங்கிலத்தில் 'டைம்' என்பதன் ஈருயிர் நெடிலாகி 'டாம்' என்பதனை ஒத்து ஒலிக்கும். நம் பேச்சில் 'தலை' என்பது 'தல' ஆகும் ஐகார மாற்றத்தை இது ஓரளவு நினைவூட்டுகிறது. 'பின்', 'பென்' ஆகிய சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். இவை ஒரு காலத்தில் பாடுவோரின் பிறப்பிடத்தைக் காட்டும் பேச்சுக் கூறுகள். இன்று அவை இசைவகையைக் காட்டும் பாட்டுக் கூறுகளாகிவிட்டன.

பிரித்தானியப் பாப் பாடகர்கள் பாடும்போது மட்டும் அமெரிக்க ஒலிப்பை மேற்கொண்டதைப் பீட்டர் டிரட்ஜில் 1983இல் ஆராய்ந்தார். ஓர் இசைவகைக்கென ஓர் ஒலிப்பு நிலைபெற்றுவிடின், அதைப் பாடுவோர் யாவராயினும் அதனை மேற்கொள்வர் என்பது அவ்வாய்வால் பெறப்படும். கன்ட்ரி இசையில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கீத் அர்பனும், கனடாவில் வளர்ந்த ஷனையா ட்வெயினும் முன்னணியில் நிற்பது இதனால் இயல்வதாயிற்று. இது குறை கூறத்தக்கதன்று. பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறந்த பிள்ளைகள் தம் பெற்றோரின் ஒக்லஹோமா ஒலிப்பைப் பேணியதும் ஒருவகைப் பேணலே. வேறுபாடு யாதெனின், அங்கு அவ்வொலிப்பைக் கேட்டுத் தலையசைக்க ஒரு கூடம் நிறைய ஒக்லஹோமா மக்கள் இருந்தனர்.

இவ்வகையில் 2019ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று எண்ணத்தக்கது. அட்லாண்டாவை அடுத்த பகுதியைச் சேர்ந்த லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாடலை, கன்ட்ரி இசைக் கூறுகள் போதிய அளவில் இல்லை என்ற கருத்துடன் பில்போர்டு தன் கன்ட்ரி வரிசையிலிருந்து நீக்கியது. 1923இல் இவ்வணிகம் முதன்முதலாகக் கால்கொண்ட நகரம் அட்லாண்டாவே. அன்று ஊரே தகுதி தந்தது. இன்று ஊர் தகுதி தருவதில்லை. கூறுகளின் பட்டியலே தகுதி தருகிறது. வட்டாரம் என்பது பிறப்பிடம் என்னும் பொருளை இழந்து நடை என்னும் பொருளைப் பெற்றுவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

7. மொழிபெயர்ப்பாளருக்கு

மேற்கண்டவற்றால் சில கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, இசைவகைப் பெயராக வரும் 'கன்ட்ரி' என்பதைக் 'கன்ட்ரி இசை' என ஒலிபெயர்த்தலே தக்கது. கடன்சொல் அயன்மையைக் காட்டுகிறது என்பது குறையன்று. இங்கு அதுவே தேவை. 'நாட்டுப்புற இசை' என்பதை 'ஃபோக்' என்பதற்கே உரியதாக வைத்துக்கொண்டால், ஓர் அமெரிக்க நூலில் இவ்விரு சொற்களும் எதிர்நிலையில் வரும்பொழுது மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படார்.

இரண்டாவது, 'ஹில்பில்லி' போன்ற சொற்களில் பேசுவோரை நோக்கிப் பெயர்த்தல் வேண்டும். பிறர் இழித்துரைக்குமிடத்துப் 'பட்டிக்காட்டான்' பொருந்தும். இசையின் பெயராக வருமிடத்து ஒலிபெயர்ப்பே பொருந்தும்.

மூன்றாவது, 'ஹாங்கி-டாங்க்' என்பதற்குக் 'கள்ளுக்கடை' என எழுதுவோர் நம் சமூக வரலாற்றின் பிறிதொரு நினைவை அதில் ஏற்றிவிடுகின்றனர். 'மதுக்கூடம்' என எழுதுவோர் ஆட்டத்தை விட்டுவிடுகின்றனர். முதன்முறை 'பாட்டும் ஆட்டமும் நிகழும் மதுக்கூடம்' என விளக்கி, பின்னர் ஒலிபெயர்ப்பால் குறிக்கலாம். நடனக் கூடத்தை இதனோடு மயங்கவிடலாகாது.

நான்காவது, 'டுவாங்' என்னும் சொல்லை 'மூக்கொலி' எனப் பெயர்த்தல் பொருளைக் குறுக்குகிறது. வில்நாண் தெறிக்கும் ஒலியைக் குறித்து எழுந்த அச்சொல், நரம்புக் கருவிக்கும் தென்மாநிலக் குரலுக்கும் ஒருங்கே உரியது. 'நாணொலி' என்னும் நம் சொல் இவ்விரண்டையும் தாங்கவல்லது.

ஐந்தாவது, இவ்விசைப் பாடல்களைப் பெயர்க்குங்கால் டெக்சாஸ் வழக்குக்குக் கொங்கு வழக்கையோ நெல்லை வழக்கையோ ஈடாக வைப்பது கவர்ச்சியான வழி. ஆயினும், ஓர் ஊரின் பேச்சு அவ்வூரினின்று பெயர்க்கப்பட்டு வெறும் மண்வாசனையாக மாறியதே இவ்விசையின் வரலாறாயின், அதே செயலை நாமும் செய்தல் எவ்வாறு தகும்? கொங்குத் தமிழ் பேசும் டெக்சாஸ்காரன் இரு ஊர்களையும் இழந்தவனாவான். வழக்கை மாற்றுவதினும், பாடல் யாரை விளிக்கிறது, எவ்விடத்தைச் சுட்டுகிறது என்பனவற்றைத் திருத்தமாகப் பெயர்ப்பதே மூலத்துக்கு நெருங்கியதாகும். கூடத்துப் பாடல் ஒன்றில் வரும் 'இங்கு' தமிழிலும் 'இங்கு' ஆகவே நிற்றல் வேண்டும். யாப்பு நோக்கி அதனை 'ஆங்கு' ஆக்கிவிடின் பாடல் தன் இடத்தை இழந்துவிடும்.

8. முடிவுரை

கன்ட்ரி இசையின் வேர்கள் வட்டாரங்களில் உள்ளன என்பது அனைவரும் கூறுவது. அவ்வட்டாரங்கள் இசையில் தங்கியிருந்தமைக்குக் காரணம் மண்ணன்று. அம்மண்ணில் வாரந்தோறும் திறக்கப்பட்ட கதவுகளே என்பது இக்கட்டுரையின் துணிபு. பெயர் பரந்தது, கதவுகள் மூடின, ஒலிப்பு மட்டும் எஞ்சியது. ஒரு மொழியின் வட்டார வழக்குக்கு நேர்வதும் இதுவே. பேசுவோர் கூடும் இடம் அருகிய பின், வழக்கு திரைப்படத்திலும் விளம்பரத்திலும் நகைப்புக்கோ கவர்ச்சிக்கோ உரிய ஒலியாக நீடிக்கலாம். அகராதியில் அது இடம்பெறும், உரையாடலில் இடம்பெறாது. உகரச் சுட்டைத் தமிழகம் இழந்தபொழுது ஓர் எழுத்தை இழக்கவில்லை. கேட்பவரின் இடத்தைச் சுட்டும் வழியொன்றை இழந்தது. பிறநாட்டு இசைவகை ஒன்றின் பெயரைத் தமிழில் எழுதுமுன் ஒரு கணம் நின்று, அப்பெயர் எந்த ஊரைச் சுட்டுகிறது, எந்த ஊரை மறைக்கிறது என வினவுதல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.